781 பேருக்குப் போன செய்திமடல்: பிசிசி தவறிய ஒரு நிகழ்வின் ஆய்வு

லண்டன் சோஹோ பகுதியில் 56 டீன் ஸ்ட்ரீட் என்ற பாலியல் நல மருத்துவ மையம் இருக்கிறது. செல்சீ அண்ட் வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவமனை அறக்கட்டளையின் கீழ், பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் பகுதியாக அது இயங்குகிறது. பரிசோதனை முடிவுகளை மின்னஞ்சலில் பெறவும் மருத்துவரைப் பார்க்க நேரம் குறித்துக்கொள்ளவும் ‘ஆப்ஷன் ஈ’ என்று ஒரு வசதி அங்கே இருந்தது. எச்ஐவி பிரிவில் இதற்குப் பதிவு செய்தவர்களுக்கு அவ்வப்போது செய்திமடலும் போகும்.

2015 செப்டம்பர் செய்திமடலை அனுப்பியவர் 781 முகவரிகளையும், பெறுபவர்கள் ஒருவர் முகவரியை ஒருவர் பார்க்காதபடி மறைக்கும் பிசிசி கட்டத்தில் இடுவதற்குப் பதில், எல்லோருக்கும் தெரியும் ‘டூ’ கட்டத்தில் இட்டுவிட்டார். மடலைப் பெற்ற ஒவ்வொருவரும் மற்ற 780 பேரின் முகவரிகளையும் பார்க்க முடிந்தது. அவற்றில் 730 முகவரிகளில் முழுப்பெயரே இருந்தது. மையம் உடனே மடலைத் திரும்பப் பெற முயன்றது, மன்னிப்பும் கேட்டது. செய்தி அதற்குள் நாளிதழ்களுக்குப் போய்விட்டது. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் விசாரித்து, 2016 மே மாதம் 1,80,000 பவுண்டு அபராதம் விதித்தது. அன்று நடைமுறையில் இருந்த 1998ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி உச்ச அபராதமே 5,00,000 பவுண்டுதான்.

மின்னஞ்சல் நாகரிகம் என்றதும் பெரும்பாலோர் ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்குவது, ‘நன்றி’ என்று முடிப்பது, எல்லாவற்றையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடிக்காமல் இருப்பது ஆகியவற்றைத்தான் சொல்வார்கள். அவையும் வேண்டியவையே. ஆனால் இந்தச் செய்திமடலின் வாசகங்களில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை. மடலின் உடலைத் தொடாமலே, அதற்கு மேலுள்ள முகவரிக் கட்டத்தில் மரியாதை தவறியது. யாருடைய முகவரியை யாருக்குக் காட்டுகிறோம் என்பதே மின்னஞ்சலில் முதல் நாகரிகம் என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்வு கிடைப்பது அரிது.

வெறும் முகவரிதானே?

‘பெயரும் முகவரியும் தெரிந்தால் என்ன?’ என்ற கேள்வி எழலாம். ஒரு புத்தகக் கடையின் வாடிக்கையாளர் பட்டியல் வெளியானால் பெரிய சேதம் இல்லை. இங்கே பட்டியலில் இருப்பதே ஒரு மருத்துவச் செய்தி. எச்ஐவி பிரிவின் மடலைப் பெறுகிறவர் யார் என்று தெரிந்தால் அவருடைய உடல்நிலையையும் ஊகித்துவிடுவார்கள். பட்டியலில் இருந்த எல்லோருக்கும் எச்ஐவி இல்லை என்று அறக்கட்டளை பிறகு விளக்கியது. அந்த விளக்கம் ஆறுதலாகாது. தொற்று இல்லாதவர்மீதும் அந்த ஊகம் விழுந்திருக்கும். மறுத்துச் சொல்ல வேண்டிய தர்மசங்கடம் அவருக்கு வந்திருக்கும்.

இன்னொன்று, ஒரே நகரத்தில் ஒரே மையத்துக்குப் போகிறவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருக்க வாய்ப்பு அதிகம். 781 பேர், ஒவ்வொருவருக்கும் 780 முகவரிகள் என்று பெருக்கினால் 6,09,180 வருகிறது. யார் எந்தப் பெயரை அடையாளம் கண்டார் என்பதை அனுப்பியவரால் ஒருபோதும் அறிய முடியாது.

முன்பே ஒரு முறை நடந்தது

விசாரணையில் தெரியவந்த விஷயங்களிலேயே கனமானது இதுதான். 2010 மார்ச்சில் அதே அறக்கட்டளையின் மருந்தகப் பிரிவு ஊழியர் ஒருவர், எச்ஐவி சிகிச்சை பற்றிய கேள்வித்தாளை 17 நோயாளிகளுக்கு அனுப்பினார். அப்போதும் முகவரிகள் பிசிசியில் போகாமல் ‘டூ’வில் போயின. அதன்பின் சில திருத்த நடவடிக்கைகள் எடுக்கப்பட்டன. ஆனால் கூட்டு மடல் அனுப்புவதற்கென்று தனிப் பயிற்சி தரப்படவில்லை. ஒவ்வொருவருக்கும் தனி மடலாக அனுப்பும் ஏற்பாட்டுக்கும் மாறவில்லை. ஐந்தாண்டில் 17 என்பது 781 ஆயிற்று.

அனுப்பிய ஊழியரின் கவனக்குறைவு என்று சொல்லிக் கோப்பை மூடுவது எளிது. நிர்வாகங்கள் அதைத்தான் விரும்பும். மாதாமாதம் ஒரு மடல் அனுப்பும் ஒருவர் பதினொரு மாதம் சரியாகச் செய்துவிட்டு ஒரு மாதம் தவறுவது மனித இயல்பு. தவறினால் எவ்வளவு சேதம் என்பதை வைத்து வழிமுறையை அமைப்பது நிர்வாகத்தின் வேலை. அபராதமும் ஊழியருக்கு அல்ல, அறக்கட்டளைக்கே விதிக்கப்பட்டது.

பிசிசி எப்படி மறைக்கிறது

மின்னஞ்சலில் முகவரி இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, மடலின் தலைப்பகுதியில் நாம் பார்க்கும் ‘டூ’, ‘சிசி’ வரிகள். மற்றது, அனுப்பும் சர்வர் பெறும் சர்வரிடம் ‘இன்னாருக்கு’ என்று தனியாகச் சொல்லும் பட்டியல். தபாலில் உறைமேல் எழுதும் விலாசமும் உள்ளே கடிதத் தாளில் எழுதும் விலாசமும் வேறுவேறாக இருக்கலாம் அல்லவா, அதே அமைப்புதான். எஸ்எம்டிபி என்ற அனுப்பு நெறிமுறையும் இதை உறை என்றே அழைக்கிறது. பிசிசியில் இட்ட முகவரிகள் உறைக்கு மட்டும் போகும். மடலின் தலைப்பகுதியிலிருந்து அந்த வரி நீக்கப்பட்டுவிடும். ‘டூ’விலும் ‘சிசி’யிலும் இட்டவை மடலோடு சேர்ந்து எல்லோருக்கும் போகும்.

எனவே பிசிசிக்கும் ‘டூ’வுக்கும் இடையே இருப்பது ஒரு கட்டத்தின் வித்தியாசம் மட்டுமே. பூட்டோ எச்சரிக்கையோ எதுவும் இல்லை. ஜிமெயிலில் ‘டூ’ கட்டம் தானாகத் திறந்திருக்கும், பிசிசியைச் சொடுக்கித்தான் வரவழைக்க வேண்டும். அவுட்லுக்கிலும் முதலில் அது கண்ணில் படாது. பட்டியலை நகலெடுத்து ஒட்டும் கை, திறந்திருக்கும் கட்டத்தில்தான் ஒட்டும்.

பிசிசிக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. பிசிசியில் மடல் பெற்றவர் ‘ரிப்ளை ஆல்’ (எல்லோருக்கும் பதில்) அழுத்தினால் அனுப்பியவருக்கும் ‘டூ’, ‘சிசி’யில் உள்ளவர்களுக்கும் பதில் போகும். மற்ற பிசிசிக்காரர்களுக்குப் போகாது. ஆனால் தானும் மடலைப் பெற்றவர் என்பதை அவரே வெளிப்படுத்திவிடுவார். அதனால் பிசிசி பயன்படுத்தும்போது ‘டூ’வில் அனுப்புநரின் சொந்த முகவரியை மட்டும் இட வேண்டும், ‘சிசி’யைக் காலியாக விட வேண்டும். மேலதிகாரிக்குத் தெரியாமல் ஒருவரைச் சேர்க்க அலுவலகங்களில் பிசிசியைப் பயன்படுத்தும் பழக்கம் இருக்கிறது. அது இதே பலவீனத்தால் அடிக்கடி அம்பலமாகிறது. சேர்க்க வேண்டியவருக்கு, அனுப்பிய மடலைப் பின்னர் ஃபார்வர்டு செய்வதே பாதுகாப்பு.

திரும்பப் பெறுதல் ஏன் பலிக்கவில்லை

அவுட்லுக்கின் ‘ரீகால்’ வசதி, அனுப்பியவரும் பெற்றவரும் ஒரே நிறுவனத்தின் மைக்ரோசாஃப்ட் அஞ்சல் அமைப்பில் இருந்தால்தான் வேலை செய்யும். நோயாளிகள் ஜிமெயில், யாகூ, ஹாட்மெயில் என்று வெளியே இருப்பவர்கள். அவர்களுக்கு ‘ரீகால்’ என்பது ‘இன்னார் அந்த மடலைத் திரும்பப் பெற விரும்புகிறார்’ என்று இன்னொரு மடலாக வந்து சேரலாம். பார்க்காமல் விட்டிருக்கக்கூடியவரும் ‘என்ன அது’ என்று தேடிப் பார்ப்பார். வெளியாருக்குப் போன மடலுக்கு ரீகால் அழுத்தாமல் இருப்பதே நல்லது.

ஜிமெயிலின் ‘அன்டூ’ வேறு வகை. அது போன மடலைத் திரும்ப இழுப்பதில்லை, அனுப்புவதையே சில நொடிகள் தாமதப்படுத்துகிறது. 5, 10, 20, 30 நொடி என்று அமைப்புகளில் தேர்ந்தெடுக்கலாம். 30 நொடியாக மாற்றி வைப்பது எவருக்கும் நன்மையே. அவுட்லுக்கின் பழைய மேசைக்கணினிப் பதிப்பில், அனுப்பும் எல்லா மடல்களையும் குறிப்பிட்ட நிமிடங்கள் அவுட்பாக்ஸில் நிறுத்தி வைக்க ஒரு விதி அமைக்கலாம். உச்சம் 120 நிமிடம், அன்றாட வேலைக்கு 2 நிமிடம் போதும். அனுப்பு பொத்தானை அழுத்திய மறுகணமே பெரும்பாலான தவறுகள் கண்ணில் படும்.

அதே தவறு, வேறு கைகள்

டீன் ஸ்ட்ரீட் அபராதம் நாடெங்கும் செய்தியானது. அதன்பிறகும் இது நிற்கவில்லை. இங்கிலாந்து, வேல்ஸில் குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமை பற்றி விசாரித்த சுதந்திர ஆணையம், 2017 பிப்ரவரி 27 அன்று 90 பேருக்கு ஒரு பொது அமர்வு பற்றிய மடலை அனுப்பியது. பிசிசியில், சரியாகவே. மடலில் ஒரு பிழை இருப்பதைக் கண்டு திருத்த மடல் அனுப்பினார்கள். அது ‘டூ’வில் போயிற்று. 52 முகவரிகளில் முழுப்பெயர் தெரிந்தது. பாதிக்கப்பட்டவர்களாக இருக்கக்கூடியவர்களின் பெயர்கள் அவை.

அடுத்து நடந்தது இன்னும் மோசம். மடலை அழித்துவிடுமாறு கேட்டு ஆணையம் மேலும் மூன்று மடல்கள் அனுப்பியது. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் 39 ‘ரிப்ளை ஆல்’ பதில்கள் வந்தன. 39 பதில்கள், 90 பேருக்கு என்றால் ஏறக்குறைய 3,500 மடல்கள். ஒவ்வொன்றும் பட்டியலை மீண்டும் எல்லோர் கண்முன்னும் கொண்டுவந்து வைத்தது. பிறகு வெளி நிறுவனம் ஒன்றை வைத்து அஞ்சல் பட்டியல் அமைத்தார்கள். ஜூலையில் ஒருவர் அந்தப் பட்டியலின் மடலுக்கு ‘ரிப்ளை ஆல்’ கொடுக்க, அவர் முகவரி முழுப் பட்டியலுக்கும் போனது. 2018 ஜூலையில் விதித்த அபராதம் 2,00,000 பவுண்டு.

எச்ஐவி ஸ்காட்லாந்து என்ற தொண்டு நிறுவனம் 2020 பிப்ரவரியில் 105 பேருக்கு அனுப்பிய மடலில் 65 பேரைப் பெயரால் அடையாளம் காண முடிந்தது. அபராதம் 10,000 பவுண்டு. பிசிசி ஆபத்தானது என்று உணர்ந்து அந்த நிறுவனம் ஏழு மாதம் முன்பே மெயில்சிம்ப் என்ற செய்திமடல் அனுப்பும் சேவையை வாங்கியிருந்தது. வாங்கிவிட்டுப் பழைய வழியிலேயே அனுப்பிக்கொண்டிருந்தது! கருவி வாங்கிய அன்றே பழைய வழியை அடைக்காவிட்டால் கை பழக்கத்துக்கே திரும்பும்.

உயிராபத்து வரை போனது 2021 செப்டம்பர் 20 நிகழ்வு. தாலிபான்கள் காபூலைப் பிடித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பிரிட்டிஷ் படைகளோடு வேலை செய்த ஆப்கானியர்களை இடம்பெயர்க்கும் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகக் குழு, வெளியேறத் தகுதி பெற்றவர்களுக்கு அனுப்பிய மடலை ‘டூ’வில் அனுப்பியது. 245 பேரின் முகவரிகள் வெளியாயின. 55 பேரின் மின்னஞ்சல் கணக்கில் அவர்களுடைய முகப்படமும் இருந்தது. இரண்டு பேர் ‘ரிப்ளை ஆல்’ கொடுத்தார்கள், ஒருவர் தான் இருக்கும் இடத்தையே அதில் எழுதினார். உள்விசாரணையில் அதே மாதம் 7, 13 தேதிகளிலும் இத்தகைய தவறுகள் நடந்தது தெரிந்தது. 2023 டிசம்பரில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு 3,50,000 பவுண்டு அபராதம். அதன்பின் அமைச்சகம் கொண்டுவந்த விதி எளிது: வெளியாட்கள் பலருக்குப் போகும் மடலை, அனுப்பும் முன் இன்னொருவர் பார்த்தே ஆக வேண்டும்.

பிசிசி தவறு தொடர்பாக 2019 முதல் ஏறத்தாழ ஆயிரம் நிகழ்வுகள் பதிவாகியிருப்பதாகத் தகவல் ஆணையர் அலுவலகம் 2023 ஆகஸ்டில் தெரிவித்தது. அந்தரங்கத் தகவல் கொண்ட மடல்களுக்கு பிசிசியை நம்ப வேண்டாம் என்பதே அதன் அறிவுரை.

பிசிசிக்குப் பதில் என்ன செய்வது

குடியிருப்போர் சங்கத்தின் கூட்ட அறிவிப்பை இருபது பேருக்கு அனுப்ப பிசிசி போதும். ‘டூ’வில் சொந்த முகவரி, பிசிசியில் பட்டியல். வரிசை முக்கியம்: முதலில் மடலை எழுதுங்கள், இணைப்பைச் சேருங்கள், கடைசியில்தான் முகவரிகளை இடுங்கள். முகவரியே இல்லாத மடல் தவறிப் போகாது.

ஒருவர் இந்தப் பட்டியலில் இருக்கிறார் என்பதே அவரைப் பற்றி ஏதாவது சொல்லிவிடும் என்றால் — நோய், கடன், வழக்கு, வேலை தேடல், புகார் — எண்ணிக்கை மூன்றாக இருந்தாலும் பிசிசி கூடாது. ஆளுக்கொரு மடல்தான். அதற்குப் பெரிய செலவு இல்லை. எக்செலில் பெயர், முகவரி என்று இரண்டு நெடுவரிசை போதும். வேர்டில் ‘மெயிலிங்ஸ்’ பகுதிக்குப் போய் மெயில் மெர்ஜில் மின்னஞ்சலைத் தேர்ந்தெடுத்து, அந்தக் கோப்பை இணைத்தால், அவுட்லுக்கின் பழைய மேசைக்கணினிப் பதிப்பு வழியாக ஒவ்வொருவருக்கும் தனி மடல் போகும். இதில் இணைப்புக் கோப்பு சேர்க்க முடியாது, கோப்பின் சுட்டியைத்தான் தர முடியும். முடித்ததும் மடல்கள் உடனே கிளம்பிவிடும் என்பதால் முன்கூட்டியே அவுட்லுக்கை ‘ஒர்க் ஆஃப்லைன்’ நிலையில் வையுங்கள். எல்லாம் அவுட்பாக்ஸில் குவிந்து நிற்கும். நாலைந்தைத் திறந்து, பெயரும் முகவரியும் பொருந்துகிறதா, ‘டூ’வில் ஒரே முகவரிதான் இருக்கிறதா என்று பார்த்தபின் ஆன்லைனுக்கு மாறுங்கள். எக்செலில் ஒரு நெடுவரிசையை மட்டும் வரிசைப்படுத்திவிட்டு மற்றதை விட்டால் ஒருவர் பெயரில் இன்னொருவருக்கு மடல் போகும். மெர்ஜில் பெரும்பாலும் நடக்கும் விபத்து இதுதான்.

நூற்றுக்கணக்கானோருக்கு மாதாமாதம் அனுப்பினால் செய்திமடல் சேவைதான் சரி. சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு மடலுக்கு 500 பேர் என்ற உச்சவரம்பும் உண்டு. ஒரே முகவரிக்கு எழுதினால் எல்லோருக்கும் போகும் கூகுள் குழுவை அமைத்தால், குழுவுக்கு எழுதும் உரிமையை நிர்வாகிக்கு மட்டும் கொடுங்கள். 2017 ஜூலையில் விசாரணை ஆணையத்தில் நடந்தது, பெற்றவரின் பதில் பட்டியலுக்கே போகும்படி இருந்ததால்தான்.

எந்த வழியானாலும் முதலில் சொந்தமாக வைத்திருக்கும் இரண்டு மூன்று முகவரிகளுக்கு அனுப்பிப் பாருங்கள். ஜிமெயிலில் வந்த மடலில் ‘ஷோ ஒரிஜினல்’ கொடுத்தால் முழுத் தலைப்பகுதியும் தெரியும். அங்கே உங்கள் இன்னொரு முகவரி கண்ணில் பட்டால் ஏற்பாடு தவறு.

பொருள் வரியையும் மறக்கக் கூடாது. கைப்பேசி பூட்டியிருந்தாலும் அனுப்புநர் பெயர், பொருள் வரி, மடலின் முதல் சில சொற்கள் திரையில் தெரியலாம். சிகிச்சைப் பெயரைப் பொருள் வரியில் எழுதினால், முகவரியைச் சரியாக மறைத்தும் பயனில்லை. ‘செப்டம்பர் செய்திமடல்’ என்றிருந்தால் போதும்.

மன்னிப்பு மடல்

தவறு நடந்தபின் முதல் ஒரு மணி நேரத்தில் செய்வதுதான் சேதத்தை நிறுத்தும், அல்லது பெருக்கும். அதே மடலில் ‘ரிப்ளை ஆல்’ கொடுத்து மன்னிப்புக் கேட்காதீர்கள், பட்டியலை மறுபடி அனுப்பியதாகிவிடும். தவறு செய்தவரையே, பதற்றத்தோடு, அடுத்த மடலையும் அனுப்ப விடாதீர்கள். வேறொருவர் உட்கார்ந்து, ஆளுக்கொரு மடலாக அனுப்பட்டும். பிரிட்டனின் இன்றைய சட்டப்படி, ஆபத்து விளைவிக்கக்கூடிய கசிவு என்றால் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்கும் தெரிவிக்க வேண்டும்.

மடலில் என்ன நடந்தது, எந்தத் தகவல் யாருக்குத் தெரிந்தது, என்ன செய்தோம், அவர் என்ன செய்யலாம், யாரிடம் பேசலாம் என்ற ஐந்தும் இருக்க வேண்டும். இப்படி எழுதலாம்:

‘இன்று காலை 10 மணிக்கு நாங்கள் அனுப்பிய செய்திமடலில், பெற்றவர்கள் அனைவரின் மின்னஞ்சல் முகவரிகளும் ஒருவருக்கொருவர் தெரியும்படி அனுப்பிவிட்டோம். உங்கள் முகவரியும் அதில் இருந்தது. வேறு தகவல் எதுவும் அதில் இல்லை. இது எங்கள் தவறு, மன்னியுங்கள். அந்த மடலைக் குப்பைப் பெட்டியிலிருந்தும் அழித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். அதற்குப் பதில் எழுத வேண்டாம். இதனால் உங்களுக்குத் தொல்லை ஏதும் வந்தால் கீழே உள்ள எண்ணில் அழையுங்கள். பேசுபவருக்கு இந்த விஷயம் முழுதும் தெரியும்.’

‘ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்ற ஒற்றை வரி இந்த இடத்தில் அவமதிப்பாகவே படும். சிரமம் என்னவென்று சொல்லாத வருத்தத்தை யாரும் நம்புவதில்லை. ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று சொல்வதும் வேண்டாம், முகவரியைத் தவறான கட்டத்தில் இட்டது கோளாறு அல்ல.

பெற்றவரின் பங்கு

விசாரணை ஆணையத்தின் மடலுக்கு 39 முறை நடந்த ‘ரிப்ளை ஆல்’ தவறைச் செய்யாதிருப்பது முதல் படி. ‘என்னை இந்தப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்’ என்று எல்லோருக்கும் எழுதுகிறவர், தன் பெயரை எல்லோர் கண்ணிலும் தானே கொண்டுபோய் நிறுத்துகிறார். கோபம் நியாயமானதாக இருக்கலாம். அதை அனுப்பியவருக்கு மட்டும் எழுதுங்கள். மேலே பட்டியல் தெரிகிறதா என்று பார்த்து, பதிலின் ‘டூ’வில் ஒரே முகவரி இருப்பதை உறுதிசெய்தபின் அனுப்புங்கள். திரைப்பிடிப்பு எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். புகார் கொடுக்கச் சான்று வேண்டுமென்றால், மடல் வந்த தேதி, நேரம், அனுப்புநர் முகவரி, பொருள் வரி ஆகியவற்றைத் தனியே குறித்துக்கொண்டு மடலை அழித்துவிடலாம். பட்டியலில் தெரிந்தவர் பெயரைக் கண்டால், அவரிடம்கூட அதைப் பற்றிப் பேச வேண்டாம், அவரே பேச்செடுத்தாலன்றி.